ஒருவரையொருவர்

படத்தில் கம்பளித் தொப்பி போட்ட இருவர் ரயில் நிலைய நடைமேடையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரெய்யோ அந்த அட்டையை இடது கையால் தன் பக்கம் இழுத்து வைத்துப் பார்த்தான். வலது கை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல மடியில் கிடந்தது. "அவங்க," என்றான். அது சுலபமாக வந்தது. "கட்டி..." என்றான். அதுவும் வந்துவிட்டது. பிறகு "தொய்னென்" என்று சொல்லி நின்றான். மறுபடியும் "தொய்னென்". மூன்றாவது முறையும் அதேதான். முப்பத்தெட்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன். பனி மூடிய ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்போது ஓட்டுநர்களுக்கு ஒரு முகம் வரும். அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் மொழியில் அந்தச் சொல் கொஞ்சம் பொல்லாதது. தொய்னென் என்றால் இரண்டாவது. தொய்னென் என்றால் மற்றவர். வீட்டில் இருக்கும் கணவனையோ மனைவியையோ பெயர் சொல்லாமல், 'தொய்னென் இன்னும் தூங்குது' என்று அரைப் பாசமும் அரை அலுப்புமாகச் சொல்வதும் உண்டு. இரண்டு பேர் ஒரே காரியத்தை ஒருவருக்கொருவர் செய்துகொள்வதைச் சொல்லவும் இதே சொல்தான் வேண்டும். அதை இரண்டு தடவை அடுக்கிச் சொல்லலாம்; அப்போது முதலாவது விறைப்பாக அப்படியே நிற்கும், இரண்டாவதுதான் வளைந்து வேற்றுமை உருபையும், யார் என்பதைக் காட்டும் விகுதியையும் சேர்த்துச் சுமக்கும். அல்லது முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பன்மையாக்கிச் சொல்லலாம். அவர்கள் என்றால் தொய்சியான். நாங்கள் என்றால் தொய்சியம்மெ. ஐந்து வயதுப் பிள்ளை யோசிக்காமல் சொல்வது. ஆனால் மூளையின் இடது பக்கத்தில் இரத்தம் அடைத்துக்கொண்ட ஒருவனிடம் பெயர்ச்சொற்கள் மிஞ்சுகின்றன, வசவுகள் மிஞ்சுகின்றன. சொல்லின் இந்த வால்கள்தான் முதலில் தொலைந்துபோகின்றன.

"முதல் சொல்ல விட்டுடுங்க ரெய்யோ," என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கத்ரி. "அது இல்லாமயே நிக்கும். பின்னால வளையுறத மட்டும் புடிங்க."

ஜன்னலோரம் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஹில்க்கா வெளியே பார்த்தாள். நூர்மெஸ் ஊரின் ஏரி இன்னும் உறையவில்லை. நாற்பத்தொரு வருடமாக வளைந்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

ரெய்யோவின் பேச்சை எங்கள் பக்கம் அறியாதவர்கள் கிடையாது. நூர்மெஸிலிருந்து யோயென்சூ போகும் காலைப் பேருந்தில் ஏறியவர்களுக்கு, இறங்குவதற்குள் அவனுடைய மாமனாரின் மூட்டுவலி, ஏரியில் அந்த வாரம் எந்த ஆழத்தில் மீன் நிற்கிறது, பொதுவுடைமைக் கட்சிக்காரர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் உள்ள ஏழு ஒற்றுமைகள் எல்லாம் தெரிந்துவிடும். வாயைத் திறக்காமலே வாழ்ந்துவிடும் ஜனங்கள் நிறைந்த இந்த நாட்டில், அவனுடைய பாட்டனார் வாயாடிகளுக்குப் பேர்போன கரேலியாவிலிருந்து வந்தவர் என்பதைச் சொல்லி எல்லோரும் அவனை மன்னித்தார்கள். மன்னித்தார்கள் என்ன, விரும்பினார்கள். ஹில்க்கா அவர்கள் வீடு இருந்த யூகா ஊராட்சியின் நில அளவைப் பிரிவில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். மெல்லிய பேனாவால் ஒரு நாள் முழுக்க ஒரு ஏரிக்கரையை வரைந்துவிட்டு அவள் வீட்டுக்கு வருவாள். அவன் கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவான். அவள் அன்று நடந்ததைச் சொல்லத் தொடங்கினால், இரண்டாவது வாக்கியத்திலேயே அதற்குப் பொருத்தமான ஒரு கதை அவனிடம் இருக்கும். அவளுடைய வாக்கியம் பாதியில் நிற்பது அவனுக்குத் தெரியாது. முதல் சில வருடங்கள் அவள் மறுபடி தொடங்கிப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். அடுப்படியில் ரேடியோ ஓடுவதைப் போல அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அறுபத்தாறாவது வயதில், மே மாதம் இருபதாம் தேதி, அவள் விவாகரத்துக்கு விண்ணப்பம் போட்டாள். இங்கே அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதம் யோசிக்கச் சொல்வார்கள். அது முடிந்தபின் இன்னொரு முறை எழுதிக் கேட்டால் ஆயிற்று. ஒரு வருடத்துக்குள் கேட்காவிட்டால் முதல் விண்ணப்பம் தானாகவே செத்துப்போகும். யோயென்சூவில் ஆற்றைப் பார்த்த மாதிரி ஓர் அறை வீடும் அமர்த்தினாள். ரெய்யோ அதையும் கதையாக்கினான். கடைத்தெருவில், பெட்ரோல் போடும் இடத்தில், சவரக்கடையில், "எல்லாரும் வேலைல இருந்து ஓய்வு வாங்குவாங்க, எங்க வீட்டுல என்கிட்ட இருந்து ஓய்வு வாங்குறா," என்று சொல்லிச் சிரித்தான். அவளிடம் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா.

ஜூலை கடைசியில் ஒரு காலை. அவள் மாடியில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழே படகுத்துறையில் ரெய்யோ மீன் சுத்தம் செய்தபடி பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. திடீரென்று கேட்கவில்லை. அந்த அமைதிதான் அவளை ஜன்னலுக்கு இழுத்தது. ரெய்யோ கத்தியைப் பிடித்தபடி நின்றிருந்தான், வாய் அசைந்துகொண்டிருந்தது, அதிலிருந்து எதுவும் வரவில்லை. அவள் செருப்பில்லாமல் ஓடினாள்.

அவன் பிழைத்தான். காலும் ஓரளவு திரும்பிவிட்டது. வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. முதல் வாரம் அவனிடம் இருந்தவை ஒரு கெட்ட வார்த்தை, ஒன்று முதல் பத்து வரை எண்கள், அவன் ஓட்டிய தடத்தின் நிறுத்தங்கள். "நூர்மெஸ், யூகா, அஹ்மோவாரா, கொந்தியோலஹ்தி, யோயென்சூ" என்று தடங்கலே இல்லாமல் சொல்வான்; 'தண்ணீர்' என்று கேட்க முடியாது. தாகமெடுத்தபோது ஊர் ஊராகச் சொல்லி அழுதான். ஹில்க்கா பெட்டிகளை மாடியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: ஒரு ஆபத்தென்றால் நீயே போனை எடுத்து உன் பெயரையும் விலாசத்தையும் சொல்கிற வரை இருப்பேன், அதற்குப் பிறகு போய்விடுவேன். அவன் தலையாட்டினான். நாற்பத்தொரு வருடத்தில் அவள் சொன்ன ஒரு விஷயத்தை அவன் கடைசிச் சொல் வரை கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கோபம்தான் வந்தது.

வாரம் இரண்டு நாள் அவள்தான் கார் ஓட்டி அவனை நூர்மெஸுக்கு அழைத்துப்போனாள். பக்கத்து இருக்கையில் அவன், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவான். மற்ற நாட்களில் சமையலறை மேசையில் கத்ரி கொடுத்த அட்டைகள். உதவுகிறார்கள், பார்த்துக்கொள்கிறார்கள், தேடுகிறார்கள். அக்டோபர் பாதியில் தொய்சியான் வந்துவிட்டது. அட்டையில் இருக்கும் யாரோ இருவர் ஒருவரையொருவர் தேடுவதை, வாழ்த்துவதை, தள்ளிவிடுவதை அவனால் சொல்ல முடிந்தது. அன்று அதைக் கொண்டாட ஹில்க்கா ஏலக்காய் பன் சுட்டாள். ஆனால் 'நாங்கள்' என்று தொடங்கும் வாக்கியத்தில் மட்டும் வண்டி நின்றுவிடும். சொந்தப் படங்கள் கொண்டுவாருங்கள், அது உதவும் என்றாள் கத்ரி. ஹில்க்கா ஆல்பத்திலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்துப் போனாள். எண்பத்துமூன்றில் எடுத்தது, பனிச்சறுக்குக் கட்டைகளோடு இரண்டு பேர், ஒருவர் தோளிலிருந்த பனியை மற்றவர் தட்டிக்கொண்டு. ரெய்யோ அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவங்க," என்றான். "தொய்சியான்."

"அது நீங்க ரெண்டு பேரும்தானே," என்றாள் கத்ரி.

அவன் படத்தையும் ஹில்க்காவையும் பார்த்தான். "அவங்க," என்றான் மறுபடி, உறுதியாக. கத்ரி தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டாள். விகுதியில் பிழை என்று எழுதியிருப்பாள். ஹில்க்காவுக்கு அது பிழையாகப் படவில்லை.

நவம்பர் இருபதோடு ஆறு மாதம் முடிந்தது. இருபத்துமூன்றாம் தேதி வியாழக்கிழமை, இரண்டாவது விண்ணப்பத்தை நிரப்பி உறையில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு ஹில்க்கா காரை எடுத்தாள். பயிற்சி முடிந்ததும் நூர்மெஸ் அஞ்சல் பெட்டியில் போட்டுவிடுவதாக எண்ணம். ரெய்யோவிடம் அதை மறைக்கவில்லை. உறையை அவன் முன்னால்தான் ஒட்டினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே தன் சட்டையின் கடைசிப் பொத்தானை ஒற்றைக் கையால் போட்டுக்கொண்டிருந்தான். அந்த ஒரு பொத்தானுக்கு ஐந்து நிமிடம் ஆனது.

அன்று கத்ரி அட்டைகளை எடுக்கவில்லை. இன்று படம் வேண்டாம், உங்கள் மனதில் இருக்கிற ஒன்றைச் சொல்லுங்கள், 'நாங்கள்' என்று தொடங்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காத்திருக்கத் தெரிந்தவள், அது எல்லோருக்கும் வருவதில்லை. அந்த உறையைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. சுவர்க் கடிகாரம் ஓடியது. நடைவழியில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரெய்யோ மேசை விளிம்பை இடது கையால் பிடித்திருந்தான். உதடுகள் முதல் எழுத்துக்காகக் குவிந்து, குலைந்து, மறுபடி குவிந்தன.

"நாங்க," என்றான். "நாங்க... கேக்கல." நிறுத்தினான். தொய்னென் என்று நாக்கு போய் நிற்கும் இடத்தை ஹில்க்கா எதிர்பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டினான். "தொய்சியம்மெ."

ஒருவர் பேச்சை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கவில்லை. எங்கள் மொழியில் அதற்கு அவ்வளவு சொற்கள்தான் வேண்டும். நான்கு மாதமாக வராத வால், ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டி, முழுசாக வந்திருந்தது. கத்ரியின் முகம் மலர்ந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஹில்க்கா பேசிவிட்டாள்.

"தப்பு."

"இல்ல ஹில்க்கா, சரியாத்தான் சொன்னார். விகுதி..."

"இலக்கணம் சரி. வாக்கியம் பொய்." ஹில்க்காவின் குரல் உயரவில்லை. வரைபடத்தில் கோடு தவறிய இடத்தைச் சக ஊழியருக்குக் காட்டும் குரல் அது. "அந்தச் சொல் ரெண்டு பேருக்கும் சமமா பங்கு போடுது. நான் கேட்டேன் ரெய்யோ. நாப்பது வருஷம் நான் கேட்டேன். கேக்காதது நீ. அதனால அந்தச் சொல் இங்க வராது."

கத்ரிக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது போலிருந்தது. அவள் பேனாவை மூடி கீழே வைத்தாள். ரெய்யோ ஹில்க்காவைப் பார்த்தான். முன்பு இப்படி ஒரு பேச்சு வந்திருந்தால் அவனிடம் மூன்று நகைச்சுவைகள் தயாராக இருந்திருக்கும். இப்போது அவனிடம் இருந்தது வெறும் முகம்தான். அது மெல்லச் சிவந்தது. அவன் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். போதும், இன்றைக்கு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று கத்ரி சொல்லவந்தபோது, இடது கையை உயர்த்தி அவளை நிறுத்தினான்.

அவன் எடுத்துக்கொண்ட நேரத்தை யாரும் கணக்கு வைக்கவில்லை. ஒரு தடவை நிறுத்தங்களின் பெயர் வாயில் வந்துவிட்டது. யூகா வரை சொல்லிவிட்டு, தலையை உதறி அதைத் துப்பினான். ஒரு தடவை அந்தக் கெட்ட வார்த்தை வந்தது. ஹில்க்கா எழுந்து கோட்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்தாள், எழவில்லை.

"நான்," என்றான். நீண்ட இடைவெளி. "நான் கேக்கல. நீ... பேசுனத."

அதில் பின்னிப்போட்ட சொல் எதுவும் இல்லை. நான், நீ. குழந்தைகள் முதலில் கற்கும் இரண்டு சொற்கள். ஹில்க்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த வாக்கியத்தை அவள் எத்தனையோ வருடம் மனதுக்குள் அவன் குரலில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அது வேகமாக, அழகாக, மன்னிப்பு கேட்கும் அலங்காரங்களோடு வரும். இப்படிக் கல் சுமந்து வருவதுபோல வரும் என்று அவள் நினைத்ததில்லை.

போகும்போது கத்ரி வழக்கம்போல வீட்டுப் பாடம் கொடுத்தாள். என்ன கொடுப்பது என்று தடுமாறியவள், ரெய்யோ அடிக்கடி சொல்லும் ஒரு கதையை ஹில்க்கா சொல்ல வேண்டும், நடுநடுவே நிறுத்த வேண்டும், விட்ட இடத்தை ரெய்யோ நிரப்ப வேண்டும் என்றாள். தெரிந்த கதை என்றால் சொற்கள் சுலபமாக வரும். கார் அஞ்சல் பெட்டியைக் கடந்தது. ஹில்க்கா நிறுத்தவில்லை. சாலை வழுக்கல், பிறகு பார்க்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எந்தக் கதை என்பதில் சந்தேகமே இல்லை. எண்பத்தேழு ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு டிகிரி குளிர், யூகாவுக்கும் அஹ்மோவாராவுக்கும் நடுவே டீசல் கெட்டியாகி பேருந்து நின்றுபோன கதை. ஊரில் எல்லோருக்கும் அது மனப்பாடம். பதினோரு பயணிகள். ஹில்க்கா தொடங்கினாள்; அவன் சொற்களைப் போட்டான். ஒருவர் கையில் "அக்கார்டியன்". விரல் விறைத்துப்போனதால் அவரால் இரண்டு கட்டைகளை மட்டும் அமுக்க முடிந்தது, ஆனாலும் வாசித்தார். ஒரு அம்மாள் மடியில், யோயென்சூவில் யாருடைய கல்யாணத்துக்கோ போகும் "கேக்கு". முதல் ஒரு மணி நேரம் யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். இரண்டாவது மணி நேரத்தில் கண்ணாடியில் பனி சுரண்டும் தகட்டால் ரெய்யோவே அதை வெட்டிப் பங்கு போட்டான். ரெய்யோ சிரித்தான். அவன் சிரிப்புக்கு மட்டும் எதுவும் ஆகியிருக்கவில்லை. ஹில்க்காவும் சிரித்தாள்.

"அப்புறம், பின் சீட்டுல ஒரு பொம்பள, கைல..."

"கொழந்த," என்றான் ரெய்யோ.

"கொழந்த." அவள் நின்றாள். "அப்புறம் வேற பஸ் வந்துச்சு, எல்லாரும் ஏறுனாங்க."

"இல்ல."

"வேற பஸ்தானே வந்துச்சு?"

"இல்ல. முன்னாடி." அவன் இடது கையால் மேசையைத் தட்டினான். முன்னாடி ஏதோ இருக்கிறது. ஹில்க்கா யோசித்தாள். அவளிடம் அந்த இடம் வெறுமையாக இருந்தது. எத்தனை பிறந்தநாள், எத்தனை நடுக்கோடை விருந்து, எத்தனை பேர் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறார்கள். குழந்தை வரும் இடத்தில் அவள் எழுந்துவிடுவாள். காப்பி போட வேண்டும். எண்பத்தாறு நவம்பரில், ஏழாவது மாதத்தில், அவர்களுடைய பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அந்தப் பேருந்து நின்றது அதற்கு இரண்டு மாதம் கழித்து. ஒரு குழந்தையைக் கேக்குக்கும் அக்கார்டியனுக்கும் நடுவே வைத்து எப்படி வேடிக்கையாகச் சொல்கிறான் இந்த மனிதன் என்று சமையல்கட்டில் நின்று பல்லைக் கடித்திருக்கிறாள். போதாக்குறைக்கு அந்த இடத்தில் அவன் குரல் உயரும். கூட்டத்தைக் கண்டால் அவனுக்கு அப்படி என்று நினைத்துக்கொள்வாள்; காப்பி இயந்திரத்தை முடுக்குவாள்.

மீதியைச் சொல்லி முடிக்க ரெய்யோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அவள் விளக்கைப் போட எழவில்லை. சொற்களைத் தனித்தனியாக எடுத்து மேசைமேல் வைத்தான். தப்பானதை நகர்த்திவிட்டு வேறொன்றைத் தேடினான். கிடைக்காததற்குக் கையால் காட்டினான். அவள் சேர்த்துக்கொண்டது இதுதான். குழந்தையின் தாய் நடுங்கிக்கொண்டிருந்தாள், அவள் உடம்பில் சூடு இல்லை. ஓட்டுநர் குண்டான ஆள், சூடான ஆள். குழந்தையை அவன் வாங்கி, கோட்டையும் சட்டையையும் திறந்து, வெறும் மார்பில் வைத்து மூடிக்கொண்டான். இரண்டு மணி நேரம். அது தூங்கியது. அதனுடைய மூச்சு அவன் தோலில் ஈரமாகப் பட்டது. வேறு பேருந்து வந்தது. தாய் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான்.

"சட்ட," என்றான் ரெய்யோ, தன் மார்பைத் தொட்டு. "இங்க. குளிரு." பிறகு, "வீட்டுக்கு. குளிரு. ரொம்ப... நாளு."

ஹில்க்கா இரு கைகளையும் மேசையின் மேல் வைத்திருந்தாள். அவை தன்னுடையவைதானா என்பதுபோல அவற்றைப் பார்த்தாள். "நான் காப்பி போடப் போயிடுவேன்," என்றாள்.

"ம். நீ... போவ." அவன் சமையல்கட்டைக் காட்டினான். "நான் சத்தமா." வாயை அகலத் திறந்து காட்டினான், அந்த உயர்த்திய குரலை நடிப்பவன்போல. சத்தம் வரவில்லை. "நீ கேக்கணும். அதான்... சத்தமா."

அவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். படகுத்துறையில் அன்றைய முதல் பனி உட்கார்ந்திருந்தது. முப்பத்தாறு வருடமாக இந்த மனிதன் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு சுவரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் காப்பி இயந்திரத்தைச் சத்தமாக ஓடவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்காக அவளுடைய பாதி வாக்கியங்கள் இல்லாமல் போய்விடுமா? போகாது. அவை அத்தனையும் இருந்தன, எண்ணிப் பார்த்தால் இன்னும் வலிக்கத்தான் செய்தன. ஆனால் நேற்று கத்ரியின் அறையில் நான் கேட்டேன், நான் கேட்டேன் என்று எவ்வளவு நிச்சயமாகச் சொன்னோம் என்பது நினைவுக்கு வந்தது.

"நேத்து நீ மொதல்ல சொன்னியே," என்றாள், திரும்பாமல்.

அவன் காத்திருந்தான்.

"அது பாதி சரி."

"தொய்சியம்மெ?" என்றான் ரெய்யோ.

"ம். பாதி."

உறையை அவள் கிழிக்கவில்லை, அஞ்சலில் போடவும் இல்லை. மே மாதம் வரை நேரம் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ரெய்யோ போனை எடுத்துத் தன் பெயரையும் விலாசத்தையும், விழுந்துவிட்டேன் என்பதையும் தடுமாறாமல் சொன்னான். கத்ரியே மறுமுனையில் இருந்து சோதித்துப் பார்த்தாள். சொன்ன சொல்லை ஹில்க்கா காப்பாற்றினாள். ஜனவரி இரண்டாம் வாரம் யோயென்சூ அறைக்குப் போனாள். திங்கள் முதல் வியாழன் வரை அங்கே. ஊராட்சி உதவியாளர் காலையில் ரெய்யோவை வந்து பார்த்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை அவள் யூகாவுக்கு வருவாள். ஏன் வருகிறாள் என்று ஊரில் கேட்டவர்களுக்கு, வெள்ளிக்கிழமைக்கு மாற்றிய பயிற்சிக்கு அவனை யார் கூட்டிப்போவது என்றாள். முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு ஆற்றங்கரை அறையில் போன் அடித்தது. எடுத்தால் ரெய்யோ பெயரையும் விலாசத்தையும் சொன்னான். விழுந்துட்டியா என்று பதறினாள். "இல்ல," என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை. அவன் மூச்சு கேட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்று பார்த்ததைச் சொல்லத் தொடங்கினாள். ஆற்றில் ஒரு வாத்து மட்டும் குளிருக்குத் தெற்கே போகாமல் தங்கிவிட்டதை, மாடிப்படியில் பூண்டு வாசனை வருவதை, கீழ்வீட்டுக்காரி பியானோவில் ஒரே இடத்தில் தவறுவதை. வாக்கியங்கள் முடியும்வரை ஓடின. முடிந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் அவளே திகைத்துப்போனாள். மறுநாளும் ஐந்து மணிக்கு அடித்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை ஹில்க்கா சௌனா என்னும் நீராவிக் குளியலறையைச் சூடாக்கினாள். நோய்க்குப் பிறகு அவனைத் தனியாக அங்கே விட முடியாது, அதனால் அந்த வேலையும் அவளுடையதாக இருந்தது. கீழ்ப்பலகையில் அவனை உட்கார வைத்து, அகப்பையால் கல்லின் மேல் கொஞ்சமாக நீர் ஊற்றினாள். ஆவி எழுந்து வந்து தோளில் அமர்ந்தது. நாரில் சோப்பு தேய்த்து அவன் முதுகைக் கழுவினாள். பேருந்து இருக்கையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சாய்ந்து அகன்றுபோன முதுகு. வலது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நீர் ஊற்றி முடித்ததும் அவன் நாருக்காகக் கையை நீட்டினான். வேண்டாம், வழுக்கும் என்றாள். கை நீட்டியபடியே இருந்தது. அவள் கொடுத்துவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிப் பலகையில் உட்கார்ந்தாள்.

இடது கை பழகாத கை. ஒரே இடத்தில் வட்டம் போட்டது, பிறகு தோளுக்குத் தாவியது, முதுகெலும்பை வழிதவறிப்போனது போல மெதுவாகப் பிடித்துக்கொண்டு இறங்கியது. சோப்பு அவள் இடுப்பில் வழிந்தது. அவள் எதிரே இருந்த மரச்சுவரின் கணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும்போல ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவ," என்றான் ரெய்யோ. "எப்டி... இருந்தா?"

யாரைக் கேட்கிறான் என்று அவள் கேட்கவில்லை. குழந்தை பிறந்த அன்று அவன் யோயென்சூ தடத்தில் இருந்தான். அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, மூடி எடுத்துப் போயிருந்தார்கள். செவிலி ஒரு நிமிடம் அவளிடம் காட்டினாள். அந்த ஒரு நிமிடத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நார் அவள் தோள்பட்டைகளுக்கு நடுவே நின்றுவிட்டது.

"முடி இருந்துச்சு," என்றாள் ஹில்க்கா, சுவரைப் பார்த்தபடி. "நெறைய. ஈரமா, நெத்தியில ஒட்டிக்கிட்டு."

கல்லின் மேல் மிச்சமிருந்த நீர் சீறி அடங்கியது. சின்ன ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகிக்கொண்டிருந்தது. நாரை விட்டுவிட்டு அவன் உள்ளங்கை மட்டும் அவள் முதுகில் விரிந்து கிடந்தது, நுரைக்கு அடியில், சூடாக.

"மூக்கு உங்க அம்மாவோடது," என்றாள் அவள். "வெரலு என்னோட..." என்று தொடங்கி, தன் கையைத் தூக்கி விரல்களைப் பிரித்து, அவனுக்குத் தெரியும்படி ஆவிக்குள் தோளுக்கு மேல் பின்னால் நீட்டிக் காட்டினாள்.